முதுகில் கோந்து வந்த பருவம்

சங்குத்துறைக்கு முன்னால் கடல், பின்னால் ரயில்பாதை, நடுவில் எந்நேரமும் பிசுபிசுப்பு. அப்பளத்தைப் பொரித்து இறக்கிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பினால் நமுத்துக் கிடக்கிற ஊர் அது, உப்பு ஜாடி தானாகவே அழுகிற ஊர், அந்த ஊரில் ஓர் ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஓட்டுப்போடும் வயதைத் தாண்டிய ஜனங்களில் பேர்பாதிக்கு முதுகில் கோந்து வந்திருந்தது. பிடரிக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, ஒரு கை அகலத்துக்கு, தபால்தலையின் பின்பக்கத்தில் இருக்குமே அதே பளபளப்பு, காய்ந்திருந்தால் வழுவழுப்பு, ஈரம் பட்டால் பிடித்துக்கொள்கிற அசல் கோந்து. கோடியக்கரைத் தெருவில் மல்லாந்து படுத்து வியர்த்துப்போன சிலர் மட்டும் கட்டிலோடு ஒட்டிக்கொண்டு சத்தம் போட்டார்கள். மற்றபடி ஊர் அன்றைக்கும் பல் தேய்த்தது, காப்பி குடித்தது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கிளப்பியது.

ஏன் வந்தது என்று கேட்காமல் இல்லை. கோயிலில் கேட்டார்கள், பள்ளிவாசலில் கேட்டார்கள், மாதா கோயிலிலும் கேட்டார்கள். மூன்று இடத்திலும் பதில் கிடைத்தது. மூன்று பதிலும் நீளமாக இருந்ததால், கேட்டு முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, ஜனங்கள் முதுகை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். அதற்குப் பிறகு யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் கேட்டார்கள்.

அதற்குப் பதில் சொன்னது முடிதிருத்தும் நாகப்பன். அந்த முதல் மழையிலேயே குடையில்லாமல் மாட்டிக்கொண்டவன், கடைவீதி முனையிலிருந்த விளக்குக் கம்பத்தில் சற்றே சாய்ந்தான். சாய்ந்தவன் சாய்ந்தபடி நின்றான். ஓர் உலை அரிசி வேகும் நேரம் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு தானாக விடுபட்டான். முதுகைத் தடவிப் பார்த்தால் கோந்து இல்லை, சுத்தமாகப் போயிருந்தது. தொல்லை விட்டது என்று வீட்டுக்குப் போனவனுக்குச் சோறு இறங்கவில்லை, படுத்தால் தூக்கம் இல்லை, மனம் கம்பத்தையே சுற்றிச்சுற்றி வந்தது. மறுநாள் காலையில் நாற்காலியையும் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு வந்து கம்பத்தடியிலேயே கடையைப் போட்டுவிட்டான். என்னப்பா இது என்று கேட்டவர்களிடம், இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்றான். கட்டிலோடு ஒட்டிக்கொண்டவர்களும் அப்படியே ஆகிப்போனார்கள். சொந்த அக்காள் மகள் கல்யாணத்துக்குக்கூட அந்தக் கட்டிலை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்றார்கள்.

ஆக, ஒருமுறைதான். எதில் ஒட்டுகிறாயோ அதோடுதான் மிச்ச வாழ்க்கை. விஷயம் இவ்வளவுதான் என்று தெரிந்தவுடன் சங்குத்துறைக்கு வந்ததே ஒரு சுறுசுறுப்பு! டீக்கடைகளில் ‘சாயாதீர்’ என்று பலகை தொங்கியது. பேருந்தில் நடத்துநர் டிக்கெட்டோடு முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள ஒரு செய்தித்தாளும் கொடுத்தார். தையல்காரர்கள் சட்டைக்கும் ரவிக்கைக்கும் உள்ளே மெழுகுத்தாள் வைத்துத் தைத்தார்கள். முகப்பவுடர் டப்பா ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. காலமெல்லாம் கூன் போட்டு நடந்தவர்கள் எங்கேயும் படாமல் நிமிர்ந்து நடந்ததில், ஊரே போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற மைதானம் மாதிரி இருந்தது.

இதில் எல்லாரையும்விட அதிகமாகத் தலைகால் புரியாமல் போனவர் கண்ணாடிக் கடை திருநாவுக்கரசு. கடைவீதியில் கண்பார்வை சோதித்து மூக்குக்கண்ணாடி விற்பது அவருடைய பிழைப்பு. தபால்தலை சேகரிப்பது அவருடைய உயிர். ஹபீப் பாயின் ரொட்டிக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிற தபால்தலை மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். மன்றம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருநாவு, ஹபீப் பாய், பிறகு பன் வாங்க வந்து மழைக்கு ஒதுங்கி மேலே ஏறிவிடுகிற யாராவது ஒருவர். இருவரும் தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பேசுவதைக் கேட்டால் வெளியாளுக்கு ஒரு வார்த்தை விளங்காது. எச்சில் தபால் கோஷ்டி என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

நாகப்பன் கம்பத்தடியில் கடை போட்ட அன்றைக்கு மத்தியானம் டீக்கடையில் நாலு பேர் இதை வியாதி வியாதி என்று பேசிக்கொண்டிருந்தபோது திருநாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருவன் சட்டையை விலக்கச் சொல்லி, பையிலிருந்த உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் அவர் குரலே மாறிவிட்டது. வியாதியாவது ஒன்றாவது, இது முழுக் கோந்து, கை படாதது, எங்கள் பாஷையில் இதற்கு மின்ட் என்று பெயர் என்றார். பக்கத்திலிருந்தவன் முதுகில் கோந்தே இல்லை. இது யூஸ்டு, எங்கேயோ ஒட்டியாகிவிட்டது, ஊருக்கு முன்னாலேயே நீ முடித்துவிட்டாய் என்றார். அவன் மீன்பிடிக்கப் போகிறவன், படகில் பிறந்து படகில் வளர்ந்தவன். அட ஆமாம் என்று டீக்கடை முழுக்கத் தலையாட்டியது. மூன்றாமவன் முதுகில் கோந்து இருந்தது, ஆனால் நடுவில் நகத்தளவு ஒரு தழும்பு. ஆல்பத்தில் தபால்தலையை நிறுத்துவதற்கு ஒட்டுகிற துண்டுத்தாளுக்கு ஹின்ஜ் என்று பெயர், அதைப் பிய்த்தால் இப்படித்தான் தடம் விழும், நீ எதிலேயோ கொஞ்சமாக ஒட்டிப் பிறகு பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறாய் என்று திருநாவு சொன்னார். அவன் டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான். திருச்சியில் ஒரு பெண்ணைக் காதலித்து விட்டுவிட்டு வந்தவன் அவன் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக் கடை மாடிப்படியில் ஏற இடமில்லை. வரிசை கடைவீதியைத் தாண்டி மணிக்கூண்டுவரை நின்றது. இத்தனை காலம் யாருக்கும் வேண்டாமல் இருவர் வாயில் மட்டும் புரண்ட வார்த்தைகளை ஊர் அப்படியே பிடித்து விழுங்கியது. மீன்காரிகள் கூடையை இறக்கும்போதே, என் மாமியா மின்ட்டாம்டி, யார்கூடவும் ஒட்டாத கட்டை என்று சிரித்தார்கள். கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு கோந்து விவரமும் கேட்டார். மேலத்தெருவில் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை, தன் முதுகு முழுக் கோந்து என்று மார்தட்டினான். பஜ்ஜி சாப்பிடும்போது எறும்பு சாரிசாரியாக அவன் காலரில் ஏறியது. திருநாவுவை அழைத்தார்கள். அவர் உருப்பெருக்கியைக்கூட எடுக்கவில்லை, மோந்து பார்த்தார். மைதா மாவு. கோந்து போன தபால்தலைக்குப் புதிதாகக் கோந்து பூசி ஏமாற்றுவதற்கு ரீகம் என்று பெயர், உலகம் முழுக்க இந்தத் திருட்டு நடக்கிறது என்று அவர் சொல்ல, பெண்ணின் அப்பா அவருக்கு வேட்டி போர்த்தினார். அதற்குப் பிறகு ஊரில் பொய் சொல்கிறவனை எல்லாம் ரீகம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

திருநாவுக்கு அந்த நாட்களில் கால் தரையில் பாவவில்லை என்றே சொல்ல வேண்டும். தெருவில் நடந்தால் ஜனங்கள் முதுகைக் காட்டி வணக்கம் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, மனைவி மங்கையர்க்கரசி சோறு போடப் போட, இன்றைக்கு எத்தனை விதமான முதுகு பார்த்தேன் தெரியுமா என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார். தன் முதுகில் கோந்து இல்லாததைப் பற்றி அவருக்குப் பெருமைதான். கல்யாணமானவன், மனைவியோடு ஒட்டிவிட்டேன், என் கணக்கு எப்போதோ தீர்ந்தது என்று ஹபீப் பாயிடம் சொல்லியிருந்தார்.

மங்கை கேட்டுக்கொண்டிருப்பாள். எதையும் கேட்டுக்கொள்கிற வீடு அது. திருநாவு எந்தப் பொருளையும் விரலால் தொடமாட்டார், தபால்தலையை இடுக்கியால் எடுத்து எடுத்து அதே பழக்கம் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. சோபாவுக்கு வாங்கும்போது வந்த பாலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. டி.வி. ரிமோட்டுக்கு உறை, குளிர்பெட்டிக்கு உறை, மங்கையின் முகூர்த்தப் புடவைக்கு மூன்று உறை. வெளிநாட்டிலிருந்து கடித உறைகள் வரும். அவர் தபால்தலையை நீரில் ஊறவைத்துக் கழற்றிக்கொண்டு வெற்று உறையை ஒதுக்குவார். மங்கை அதை எடுத்து முத்திரையில் இருக்கிற ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். இது எங்கங்க இருக்கு என்பாள். அவர் அந்தத் தலையின் விலையைச் சொல்வார். கண்காட்சிக்கு என்று சென்னைக்கும் திருச்சிக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை போவார். அங்கே வந்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லிவிட்டுத் தனியாகத்தான் போவார். நாகப்பட்டினத்துக்கு மேற்கே மங்கை போனதில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பெண்களுக்கும் பார்க்க வேண்டும் என்று கோரிக்கை வந்தது. அதற்கு ஹபீப் பாய் ஓர் ஏற்பாடு செய்தார். மாடியில் குறுக்காக ஒரு போர்வையைக் கட்டி, அதில் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டினார். அந்தப் பக்கம் பெண்கள் வந்து முக்காலியில் உட்காருவார்கள், பின்கழுத்தும் அதன் கீழே கொஞ்சமும் மட்டும் இந்தப் பக்கம் தெரியும். முகமும் தெரியாது, பெயரும் கேட்பதில்லை. திருநாவு பார்த்துச் சத்தமாகச் சொல்வார், சுற்றி நிற்கிற கூட்டம் ஆகா என்னும். கூட்டத்துக்கு அது சினிமாவைவிட நன்றாகப் போயிற்று.

அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. மின்ட், யூஸ்டு, யூஸ்டு, ஹின்ஜ்டு என்று வரிசை போய்க்கொண்டிருந்தபோது ஒரு முதுகு வந்து உட்கார்ந்தது. திருநாவு குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். பின்கழுத்தில் மஞ்சள் மங்கிய தாலிக்கயிறு ஓடியது; ஓடி ஓடிக் கழுத்தில் அதன் தடமே விழுந்திருந்தது. அதற்குக் கீழே கோந்து. ஒரு கீறல் கிடையாது, ஒரு தழும்பு கிடையாது, அச்சாபீசிலிருந்து அன்றைக்கு இறங்கியதுபோல ஓரம்வரை முழுசாக மின்னியது.

“பாய், சீக்கிரம் வாங்க. இத்தன நாள் தேடுனது வந்துருச்சு,” என்றார் திருநாவு. “சி.டி.ஓ.!”

கூட்டத்துக்கு இந்த வார்த்தை புதிது. என்ன என்ன என்று நெருக்கியது. திருநாவு கண்காட்சியில் பேசுகிற குரலில் விளக்கினார். சில தேசங்களில் தபால்தலையை அச்சடித்த இடத்திலேயே கட்டுக்கட்டாக முத்திரையும் குத்திவிடுவார்கள், ஆல்பக்காரர்களுக்கு விற்பதற்காக; கேன்சல்டு டு ஆர்டர், அதாவது சொல்லிவைத்துக் குத்திய முத்திரை. முன்பக்கம் பார்த்தால் முத்திரை விழுந்திருக்கும், எங்கெங்கோ போய்வந்த தலை என்று நினைப்பீர்கள். திருப்பிப் பார்த்தால் கோந்து அப்படியே இருக்கும். எந்தக் கடிதத்திலும் ஒட்டவில்லை, எந்த ஊரையும் பார்க்கவில்லை, முத்திரை மட்டும்தான் மிச்சம். இந்த அம்மாளைப் பாருங்கள், தாலி ஏறி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், கோந்து ஒரு துளி கலையவில்லை. இப்படி ஒன்றை மனுஷரில் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

“வெல போவுமா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

“வெலயா? நல்ல சேகரிப்பாளன் கையால தொட மாட்டான். ஆல்பத்துல பக்கத்த நெரப்பிக்கலாம், அவ்வளவுதான்.”

கூட்டம் சிரித்தது. திருநாவும் சிரித்தார். போர்வைக்கு அந்தப் பக்கம் முக்காலி நகர்ந்தது. போர்வையை விலக்கிக்கொண்டு மங்கையர்க்கரசி வெளியே வந்தாள். தலைமுடியைக் கொண்டை போட்டிருந்தவள் அதை அவிழ்த்து முதுகில் விட்டாள், கூட்டத்தைப் பார்க்கவில்லை, கணவனை மட்டும் ஒரு தடவை பார்த்தாள், படியிறங்கிப் போய்விட்டாள். ஹபீப் பாய் போர்வையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, தம்பி, வீட்டுக்குப் போங்க என்று மட்டும் சொன்னார்.

ரொட்டிக் கடையிலிருந்து வீடுவரை திருநாவு நடந்த நடை அவருக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு ஒருவரும் முதுகைக் காட்டி வணக்கம் சொல்லவில்லை. வீட்டில் மங்கை அரிசி களைந்துகொண்டிருந்தாள். அழவில்லை, அழுதிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முன்னாலேயே நீ என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லிய பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதென்று தெரிந்தது.

“ஊர்ல உள்ள முதுகெல்லாம் பாத்தீங்க. நாளைக்கிக் கேப்பீங்க, நாளைக்கிக் கேப்பீங்கன்னு நானும் இருந்தேன். கேக்கல. அதான் வரிசையில வந்து உக்காந்தேன்,” என்றாள் மங்கை.

அப்படியானால் என் கோந்து எங்கே போனது என்று திருநாவு கேட்டார். மங்கை கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஆல்ப அறைக்குள் கூட்டிப்போனாள். தரையில் உட்கார்ந்து மடியில் ஆல்பத்தை வைத்துக்கொண்டு அவர் தினமும் சாய்கிற மர பீரோ அங்கே இருந்தது. அதன் கதவில், உட்கார்ந்தவன் தோளுயரத்தில், ஒரு கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தடம். கல்யாணமான புதிதிலிருந்தே அது இருக்கிறதென்றும், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லையென்றும், முன்பெல்லாம் அது என்னவென்று தெரியாமல் இருந்ததென்றும் மங்கை சொன்னாள். அவர் தொட்டுப் பார்த்தார். அது தன்னுடையதுதான் என்று தொட்டவுடன் தெரிந்தது. தான் மனைவியோடு ஒட்டியிருக்கிறோம் என்று இத்தனை வருஷம் நம்பியதை நினைத்து, பீரோவுக்கு முன்னால் நின்றபடியே வெட்கப்பட்டார். அப்படி வெட்கப்பட்டது அவர் வாழ்நாளில் அதற்கு முன்பு கிடையாது.

கார்த்திகை கழிந்ததும் மழை நின்றது, வாடைக்காற்று எழும்பியது. காற்று பட்டதும் கோந்து அப்பளம்போல வெடிக்க ஆரம்பித்தது. காலையில் பாய் உதறினால் செதிள் செதிளாக விழுந்தது. பொங்கலுக்குள் எல்லாம் உதிர்ந்துவிடும் என்று ஊர் புரிந்துகொண்டது, புரிந்த அன்றிலிருந்து தேர்த்திருவிழா வந்ததுபோலப் பரபரத்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, இன்னும் ஒட்டாதவர்கள் கடைசி நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்று கூவிக்கொண்டு போனார்கள். சிங்கப்பூர் கிளம்புகிற மகனின் உள்ளங்கையில் ஒரு தாய் தன் முதுகை ஒட்டிவிட்டு, இனி மனம் அங்கேதானே என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினாள். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு நடந்த இரண்டு பங்காளிகள், கோர்ட்டு வாசலிலேயே முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டு வக்கீல்களைத் திகைக்க வைத்தார்கள். ஹபீப் பாய் தன் ரொட்டி அடுப்புச் சுவரில் சாய்ந்தார். சூடு தாங்குமா என்றதற்கு, இதுவரை தாங்கவில்லையா என்றார். ஒவ்வொருவர் ஒட்டும்போதும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், சர்க்கரை கொடுத்தார்கள், உலை அரிசி வேகும் நேரம் கூடவே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மங்கையர்க்கரசி எதில் ஒட்டப்போகிறாள் என்பதுதான் ஊரில் எல்லாருக்கும் பேச்சு. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது அவளே சொன்னாள். நாளைக்குச் சாயங்காலப் பாசஞ்சரில் ஏறி, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பெட்டிச் சுவரில் சாய்ந்துகொள்ளப்போவதாகச் சொன்னாள். திருநாவு பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். நாகப்பன் கம்பத்தை விட்டு நகர முடியவில்லையே, ரயிலோடு ஒட்டினால் நீ எப்படி இறங்கி வீட்டுக்கு வருவாய் என்று கேட்டார்.

“வர முடியாதுன்னு தெரிஞ்சுதாங்க சொல்றேன். ரயிலு ஊர் ஊராப் போவுதுல்ல.”

“என் மேல ஒட்டிக்கயேன் மங்க.” அவர் இப்படிக் கெஞ்சி அவள் கேட்டதில்லை.

மங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். “ஒங்க மேல ஒட்டுனா பீரோவுக்குள்ள கெடக்கணும். அப்படித்தான் இப்பவே கெடக்குறேன்.”

மறுநாள் திருநாவு கடையைத் திறந்தார். திறக்காமல் இருந்திருக்கலாம், கை தன்பாட்டில் பூட்டைக் கழற்றிவிட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு வாடிக்கையாளரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்தி எதிர்ச்சுவரில் இருக்கிற எழுத்தை வாசிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றார். வாடிக்கையாளர் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துக்கு வந்துகொண்டிருந்தபோது, ஊருக்குப் பின்னால் ரயில் கூவியது. பாசஞ்சர் பாலத்தைத் தாண்டுகிற கூவல் அது. திருநாவு கடையை விட்டு இறங்கி ஓட ஆரம்பித்தார். ஒரு கண்ணைப் பொத்திய வாடிக்கையாளர், மேலே வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்.

எங்கே ஓடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. டீக்கடை பெஞ்சுகளை ஓரமாக இழுத்தது, மீன்கூடைகள் விலகின, ஒலிபெருக்கி ஆட்டோ முன்னால் போய், வழி விடுங்க, கண்ணாடிக் கடைக்காரர் வர்றாரு, வழி விடுங்க என்று கூவியது. நாகப்பன் கத்தரிக்கோலைக் காற்றில் ஆட்டி, குறுக்குச் சந்தில் போங்கண்ணே, ரயில்வே கேட்டு போட்டுருக்கான் என்றான். பாதி முடி வெட்டியவனும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கையைத் தட்டினான். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு திருநாவு சந்தில் புகுந்து, தண்டவாளத்தின் ஓரமாக ஏறி, நடைமேடையில் கால் வைத்தபோது ரயில் வந்து நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

வழியனுப்ப வந்த பெண்கள் ஒரு பெட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். உள்ளே ஜன்னலோரத்தில் மங்கை, முகூர்த்தப் புடவையில், சுவரைத் தொடாமல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துண்டு. அதை நனைப்பதற்காகத் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திருநாவு படியேறி உள்ளே போய் அவள் முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது.

“நீங்க எங்க வர்றீங்க?” என்றாள்.

“ரயிலு எங்க போவுதோ அங்க.”

“கட?”

“தொறந்து கெடக்கு.”

“ஆல்பமெல்லாம்?”

“அது பீரோவுல இருக்கு. நா இங்க இருக்கேன்.”

மங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எதையும் கையில் எடுத்து வராமல், செருப்பு ஒன்று காணாமல், வியர்த்து, தலை கலைந்து நின்ற அந்த ஆளை அவள் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது; சிரித்தபடியே புட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முடியை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, அவர் பக்கம் முதுகைத் திருப்பினாள். அதற்குள் ரயில் அசைந்தது.

வாடைக்காற்றில் எல்லாம் வெடித்து உதிர்ந்துபோய், நடுவில் ஒரு வெற்றிலை அளவுக்குத்தான் கோந்து மீதி இருந்தது. அந்த ஒரு கணம், உண்மையைச் சொல்வதென்றால், திருநாவுக்குக் கை கூசியது. முழுக் கோந்தில் ஈரம் படக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் காத்தவர். தண்ணீரை எடுக்கலாமா என்று புட்டியைப் பார்த்தார், அது ரயிலின் ஆட்டத்தில் உருண்டு இருக்கைக்குக் கீழே போய்விட்டது. பெண்கள் ஜன்னலோடு ஓடிவந்து, அண்ணே, என்னா யோசிக்கிறீங்க என்று கத்தினார்கள். திருநாவு தன் உள்ளங்கையை விரித்து, தபால்நிலைய வாசலில் நின்று கடிதம் போடுகிற யாரோ ஒருவரைப்போல, நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கி, அந்தக் கையை மனைவியின் முதுகில் வைத்து அழுத்தினார்.

கோந்து பிடித்துக்கொண்டது. உள்ளங்கைக்குக் கீழே அவள் மூச்சு ஏறி இறங்குவது அவருக்குத் தெரிந்தது. நடைமேடை பின்னால் போயிற்று, கைதட்டல் பின்னால் போயிற்று, மணிக்கூண்டும் உப்பளமும் போயின, பிறகு நாகப்பட்டினமும் போயிற்று. மங்கை ஜன்னலுக்கு வெளியே வருகிற ஒவ்வொரு ஊரின் பெயர்ப்பலகையையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். இது எங்கங்க இருக்கு என்றாள். இங்கதான் இருக்கு, பாரு என்றார் அவர்.

திருவாரூர் தாண்டியதும் கறுப்புக் கோட்டுப் போட்ட டிக்கெட் பரிசோதகர் வந்தார், ஒரு பெண்மணி, அந்தப் பாதையில் வெகுநாளாக வேலை பார்ப்பவர். மங்கை தன் டிக்கெட்டைக் கொடுத்தாள். அவர் அதில் கிறுக்கிவிட்டுத் திருநாவுவைப் பார்த்தார்.

“இவரோடது?”

“இவருக்கு எதுக்குங்க தனியா? நாந்தான் ஸ்டாம்பு மாதிரி ஒட்டியிருக்கேனே,” என்றாள் மங்கை.

பரிசோதகர் அந்த முதுகையும் அதன் மேலிருந்த கையையும் பார்த்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். திருநாவுவின் மணிக்கட்டில் தொடங்கி மங்கையின் தோளில் முடிகிற மாதிரி, தபால்தலையும் உறையும் சேர முத்திரை விழுவதுபோல, இருவரையும் இனி வேறு எங்கேயும் பயன்படுத்த முடியாதபடி, அழுத்தமாக ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.